இன்னும் பதிமூன்று கிலோமீட்டர்

'இன்னும் ஓடும்'காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் ஒருவராவது கட்டாயம் இருப்பார். அடையாளம் காண்பது கஷ்டமே இல்லை. காலையில் அவர் காரைக் கிளப்பினால் தெருவே எழுந்து பல் தேய்க்கும். "எப்ப சார் வண்டியை மாத்தப் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்ற பிள்ளையை விலை பேசியதுபோல முகம் சுருங்கும். பிறகு பானட்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சொல்வார்: "இதுக்கு என்ன குறைச்சல்? இன்னும் ஓடும்."

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்த இனத்தில் முதல் வரிசை. கடைக்கு வருகிறவர்களிடம், "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடியை மாத்திடணும் சார், பழசையே கட்டிக்கிட்டு அழக்கூடாது" என்று உபதேசம் செய்வார். அதே வாயோடு வெளியே வந்து, தன் கார்க் கதவைத் திறக்கச் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுப்பார். ஆமாம், ஸ்பூன்தான். அந்தக் கதவு சாவிக்குத் திறந்து வெகுகாலம் ஆகிறது.

அந்தக் காரில் ஏறுவது பயணம் இல்லை, உத்தியோகம். பின்சீட்டில் மகள், ஜன்னல் வழியாக வரும் கயிற்றை அவள் இழுத்தால்தான் வைப்பர் அசையும். முன்சீட்டில் மனைவி, தரையில் ஓட்டை விழுந்துவிட்டதால் பிஸ்கட் டப்பா மூடியின்மேல் காலை வைத்து, கியர் நழுவாமல் முழங்காலால் முட்டுக் கொடுத்து, ஜன்னல் கண்ணாடி உள்ளே இறங்கிவிடாமல் ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முடிந்தால் மூச்சும் விட்டுக்கொள்ளலாம். வலப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். மற்ற சமயத்தில் அடித்தாலும் அடிக்காது. "எல்லாம் கைக்குப் பழகின வண்டி" என்பார். யார் கைக்கு?

சரி, மாற்றவே மாட்டேன் என்றாரா? சொன்னதே இல்லை. "மீட்டர் ஒரு லட்சம் தொட்டதும் மாத்திடலாம்" என்று மனைவிக்கு வாக்கே கொடுத்திருந்தார். பாவம், மீட்டர் 99,987இல் நின்றுபோயிற்று. நின்று ஆறு வருஷம் ஆகிறது.

"இன்னும் பதிமூணு கிலோமீட்டர் பாக்கி இருக்கே" என்பார்.

"அது செத்துப்போன மீட்டர்ங்க."

"வாக்குன்னா வாக்கு."

மனைவி உதவி நூலகர். போன வருஷம் தலைமை நூலகர் பதவிக்கு நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். கார் பாலத்தின் நடுவில் படுத்துக்கொண்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பதவி, அவளிடமே வேலை கற்றுக்கொண்ட பெண்ணுக்குப் போயிற்று. அவள் அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது அவருக்கும் கேட்டது. இந்த வருஷம் இன்னொரு நூலகத்திலிருந்து அழைப்பு. திங்கட்கிழமை, காலை பத்து மணி. வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அவள் சண்டை போடவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள்.

"எதும்மா பாக்கணும்? இன்ஜினா, பிரேக்கா?"

"ரெண்டும் வேண்டாம். மீட்டரை மட்டும் ஓட வைங்க."

ஓட வைத்துவிட்டார். அன்றோடு கண்ணாடிக் கடைக்காரர் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கடைக்கு நடந்தார். வெயிலில் நடந்தார், மழையில் நடந்தார். தள்ளினாலும் மீட்டர் ஏறும் என்று மெக்கானிக் வாய் தவறிச் சொன்னதிலிருந்து, கழுவுவதற்குக்கூட யாரையும் தள்ள விடவில்லை.

"அப்ப திங்கக்கிழமை நான் டாக்சியில போயிக்கிறேன்" என்றாள் மனைவி.

"வீட்டுல வண்டிய வெச்சுக்கிட்டு டாக்சியா? பாக்கறவன் என்ன நெனைப்பான்?"

மானம் ஒரு பக்கம் இழுத்தது, மீட்டர் ஒரு பக்கம் இழுத்தது. இரண்டு நாள் தபால்காரரை விடாமல் பிடித்துச் சந்துபொந்தெல்லாம் விசாரித்து, பன்னிரண்டரை கிலோமீட்டரில் நூலகத்தில் முடிகிற ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார். திரும்பி வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை பார்த்து அந்தச் சந்தில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மீட்டரில் ஐந்து ஒன்பதுகள் வரிசையாக வந்து நின்றதும், வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னங்க, நின்னுடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். இன்னும் ரெண்டே கிலோமீட்டர். காலாற நடந்துடலாம், வா."

மணி ஒன்பது நாற்பது. அவளுக்கு அந்தப் பாலமும் அடுக்கிய நாற்காலிகளும் கண்முன்னே வந்தன.

"இறங்குங்க" என்றாள்.

"அதைத்தானே நானும் சொல்றேன்" என்று சந்தோஷமாக இறங்கினார். அவள் நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கியர், ஜன்னல், தரை ஓட்டை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆறு வருஷமாகப் பாதி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தானே? வலப்பக்கம் திரும்பும்போது ஹாரன் மட்டும் அவரிடம் விடைபெற்றது.

பகல் ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில், நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"கெடைச்சிடுச்சுங்க! அங்கேயே சொல்லிட்டாங்க" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மீட்டரும் லட்சத்தைத் தாண்டிடுச்சு. வாக்குன்னா வாக்கு!"

அவர் மகிழ்ந்தார், பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே மகிழ்ந்தார். மகிழ்ந்தபடியே குனிந்து மீட்டரைப் பார்த்தார். பழைய காலத்து மீட்டர். அதில் ஐந்து எண்களுக்குத்தான் இடம். 00003 என்று காட்டியது.

அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"லட்சமா? எங்கே? மூணே மூணு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு! புத்தம்புது வண்டியை எவனாவது மாத்துவானா?"

தலைமை நூலகர் (இனி மரியாதையாகத்தானே சொல்ல வேண்டும்?) கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். எதிரே வந்த டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறிப் போய்விட்டார். முட்டுக் கொடுக்க முழங்கால் இல்லாமல், புது வண்டிக்காரர் வீடு வந்து சேர நாலு மணி நேரம் ஆயிற்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சார்ஜர் ஒயரை ஒரு தினுசாக வளைத்து, அது நழுவாமல் ஒரு புத்தகத்தைப் பாரமாக வைத்தால்தானே உங்கள் போனில் சார்ஜ் ஏறுகிறது? புதுசு வாங்கச் சொன்ன வீட்டாரிடம், "இதுக்கு என்ன குறைச்சல்?" என்று நேற்றுக்கூடக் கேட்டீர்களே? அந்தப் புத்தகத்தைத்தான் இப்போது எடுத்து வைத்துக்கொண்டு வாசிக்கிறீர்கள். போய்ப் பாருங்கள், போன் அணைந்து போயிருக்கும்.