மூடியைத் திறந்து பார்ப்பவர்

மனித இனத்தில் 'திறந்து பார்ப்பவர்' என்று ஒரு பிரிவு உண்டு. அடுப்பில் எது வெந்தாலும் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். தொட்டியில் விதை போட்ட மறுநாளே மண்ணைக் கிளறி, "இன்னும் முளைக்கலையா?" என்று விதையிடமே விசாரிப்பார். பிய்ந்த செருப்பை ஒட்டிவிட்டு, பசை காய்வதற்குள் இழுத்துப் பார்ப்பார். அது கையோடு வந்துவிட்டால், "நான் அப்பவே சொன்னேன், இது ஒட்டாதுன்னு" என்பார். சாதாரண நாட்களில் இவர் நம்மைப் போலத்தான் இருப்பார். கையில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்றைக் கொடுத்தால் போதும், சுயரூபம் வெளியே வந்துவிடும்.

நான் நெருங்கிப் பார்த்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். வேலை நேரத்தில் பொறுமையைப் பற்றி இவரைப் போல் பேச ஆளே கிடையாது. "ஒரு தடவ அழுத்தினா வராதா? பத்து தடவ அழுத்தினா பறந்து வருமா?" என்று அடுக்குமாடிக்காரர்களை வெளுத்து வாங்குவார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். அந்த அம்மாள் 'மகாராணி' என்று ஒரு கோழி வளர்த்தார். மெஷின் பக்கத்தில் வெட்டுத்துணிக் குவியல்மேல் அது உட்கார்ந்திருக்கும். யார் விரட்டினாலும் நகராது. ஒரு மத்தியானம் அதைத் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தவை, அதற்கு முந்தைய பத்து நாளில் அது இட்டுவைத்த ஒன்பது முட்டைகள்.

அன்று அந்த அம்மாள் சாப்பிடவில்லை. "இந்த ஒம்பது முட்டையாவது பொரியணுங்க" என்று மட்டும் சொன்னார். சாயங்காலமே மனிதர் இன்குபேட்டரோடு வந்து இறங்கிவிட்டார். பாசத்துக்குக் குறைவே இல்லை. இந்தப் பிரிவினரிடம் உள்ள தொந்தரவே அதுதான்.

இன்குபேட்டரின் மூடி கண்ணாடி மாதிரி இருக்கும். திறக்காமலே உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று வெளியிலேயே எண்கள் ஓடும். ஆனால் பார்ப்பது வேறு, திறந்து பார்ப்பது வேறு அல்லவா? முதல் பதினெட்டு நாள் முட்டைகளைத் தினம் மூன்று முறை புரட்டிவிட வேண்டும் என்பது விதி. மூன்று முறை திறக்க அனுமதி! இவர் அதை முப்பதாக வசூலித்தார். ஏழாம் நாள் அறையை இருட்டாக்கி, டார்ச்சின்மேல் முட்டையை வைத்துப் பார்த்தபோது, உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. ஒன்பதிலும். அந்த அம்மாள் அழுதேவிட்டார். இவருக்கோ அன்றிலிருந்து தலைகால் புரியவில்லை. அந்த நரம்புகளைத் தினமும் நலம் விசாரிக்க ஆரம்பித்தார்.

பதினெட்டாம் நாள் முடிந்ததும் புது விதி. இனிப் பொரிக்கும்வரை திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் போய்விடும், ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதை எனக்கு விளக்கியவர் யார்? அவரேதான். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரையும் நிறுத்தி வைத்து விளக்கினார். 'திறக்காதீர்' என்று சிவப்பு மையில் எழுதி மூடியில் ஒட்டினார். ஒட்டிய காகிதம் உள்ளே இருப்பதை மறைக்கிறதா என்று பார்க்க ஒரு முறை திறந்தார். திறந்ததால் சூடு போயிருக்குமோ என்று கவலைப்பட்டு, கையை விட்டுப் பார்க்க இன்னொரு முறை திறந்தார்.

"என்னங்க, இப்பதானே மூடினீங்க?"

"சரியா மூடினேனான்னு பாத்தேன்."

"மகாராணி ஒரு தடவ உக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டா. நீங்க மணிக்கு நாலு தடவ எழுந்திரிக்கிறீங்க."

"அது கோழி. அதுக்கு என்ன பொறுப்பு தெரியும்?"

அந்த அம்மாள் தையலை நிறுத்தினார். உள்ளே போய் நாத்தனாருக்குப் போன் போட்டார். சொல்லிவைத்தாற்போல் இருபதாம் நாள் காலையில், அடுத்த ஊரிலிருந்து தங்கையின் அழைப்பு வந்தது: "அண்ணா, எங்க கட்டடத்துல லிஃப்ட் நின்னுபோச்சு. ஒன்ன விட்டா யாரும் சரிபண்ண முடியாதாம். ரெண்டு நாள் வந்து தங்கிட்டுப் போயேன்." புகழ்ச்சி வேலை செய்தது. போனவர், பேருந்தில் உட்கார்ந்ததுமே போனில் ஆரம்பித்தார்: "ஒரே ஒரு தடவ லேசா திறந்து..." மனைவி போனை அணைத்து ஊசி டப்பாவில் போட்டார்.

இருபத்திரண்டாம் நாள் மூச்சிரைக்க ஓடிவந்தார். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே ஐந்து குஞ்சுகள்! ஒன்று இன்னொன்றின் தலைமேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. மனிதர் குழந்தையாகிவிட்டார். பிறகு எண்ணிப் பார்த்தார்.

"மீதி நாலு?"

"அசைவே இல்லீங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "நான் திறந்ததாலயா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல அந்த அம்மாளுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

"தெரியலீங்க" என்றார். "குஞ்சுங்களப் பாருங்க."

மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுநாள் போனேன். குஞ்சுகள் ஓர் அட்டைப்பெட்டியில், பல்பு வெளிச்சத்தில், மேலே துணி மூடித் தூங்கிக்கொண்டிருந்தன. அவர் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். "தூங்குதான்னு பாத்தேன்" என்றார். ஐந்தும் விழித்துக்கொண்டு அவரைத் திட்டின.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களை ஒன்று மட்டும் கேட்கிறேன், யாரிடமும் சொல்லமாட்டேன். மகாராணி செத்து ஒன்பது முட்டை மிச்சம் என்று படித்தபோது, குஞ்சு பொரித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நீங்கள் பாதியிலேயே கதையின் கடைசிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கவில்லையே?