போர் மோட்டார் கேபிளுக்கு ஆயுசு பாத்த கதை

அன்னைக்கு என் வேலை ரொம்பச் சின்னது. தங்கச்சி வீட்டு போர் மோட்டார் கேபிள்ல ஒரு இடத்துல தோல் வெடிச்சிருந்துச்சு. அதுமேல டேப் சுத்தணும். அம்புட்டுத்தான்.

தேவிபட்டினம் பக்கம் அவ ஊரு. அவ மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன், என் மடியிலதான் பிள்ளைய உக்கார வைக்கணும். ராத்திரி முழுக்க ஐஸ் கம்பெனி மிஷினுக்குக் காவல் இருந்துட்டு, விடிஞ்சதும் பஸ் ஏறிப் போய் இறங்குறேன்.

"அண்ணே, தொட்டி காலி. சமையல்காரரு அரிசி கழுவக் காத்திருக்காரு. வெரசா டேப்பச் சுத்தி மோட்டாரப் போடுங்க"ன்னா தங்கச்சி.

சுத்தியிருக்கலாம்.

ஆனா ஐஸ் மிஷினோட உக்காந்திருக்கவனுக்குப் பேச ஆளு கிடையாது. ஃபோன்ல கண்டதையும் படிப்பேன். அந்த வாரம் படிச்சது, அணுமின் நிலையத்துக் கேபிளுக்கு வயசாகுறத எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு. சூடும் கதிர்வீச்சும் பட்டுப் பட்டு மேல்தோல் இறுகிப் போயிருமாம். ஒரு துண்ட இழுத்துப் பாப்பாங்களாம். ரப்பர் மாதிரி நீண்டா இன்னும் ஆயுசு இருக்கு. பட்டுனு அறுந்தா முடிஞ்சுச்சு.

படிச்சிட்டு என் முழங்கைத் தோலையும் இழுத்துப் பாத்தேன். அத விடுங்க.

"மாப்பிள்ளை, டேப் சுத்துறதெல்லாம் மேல்பூச்சு. மொதல்ல ஆயுசு பாக்கணும்"ன்னேன்.

வாழைமரம் கட்டிக்கிட்டு இருந்த தங்கச்சி புருஷன் திரும்பிப் பாத்தாரு. "மச்சான், இது என்ன அணு உலையா? தண்ணி வந்தாப் போதும்."

"அங்கயும் இப்படி அசால்ட்டா இருந்தா என்னாகும்?"

அவரு வாழைமரத்த அப்படியே விட்டுட்டு என் பின்னால வந்தாரு. எனக்கு அதுவே பெரிய வெற்றி!

ஃபியூஸ் கட்டையப் புடுங்கி சட்டைப்பையில போட்டேன். பாதுகாப்பு முக்கியம்ல! போர் வாய்ல கேபிளப் புடிச்சிருந்த கயித்த அவுத்தேன். வெடிப்போட சேத்து ஒரு முழத் துண்டு வெட்டுனேன். வெடிக்காத பக்கத்துத் தோல உரிச்சு, ஒரு முனைய மாப்பிள்ளை கையில குடுத்தேன்.

"இழுங்க!"

இழுத்தாரு. நீண்டுச்சு. இன்னும் இழுத்தாரு. ஆட்டுக்குடல் மாதிரி நீண்டுச்சு!

"பாத்தீங்களா! வெயில் பட்ட இடந்தான் வெடிப்பு. மத்தது இளந்தாரி! இன்னும் பத்து வருசம் அசையாது!"

"சந்தோசம் மச்சான். மிச்சக் கேபிள் எங்க?"

திரும்பிப் பாத்தேன். போர் வாய்ல குழாய் மட்டும் நிக்குது. கயித்த அவுத்துட்டு வெட்டுனா கீழ்முனை சும்மா இருக்குமா? வழுக்கி உள்ள போயிருச்சு!

அணுமின் நிலையத்துல சோதிக்கன்னே ஆரம்பத்துலயே தனியாத் துண்டுகளப் போட்டு வச்சிருப்பாங்களாம். ஓடுற கேபிள்ல கை வைக்க மாட்டாங்களாம். அந்தப் பத்தி அப்பத்தான் ஞாபகம் வருது.

இனி அடியில மோட்டார் தொங்குற குழாயத் தூக்குனாத்தான் கேபிள் கைக்கு எட்டும். தூக்க ஆள் வேணும். அந்நேரம் பாத்து தெருமுனையில கொட்டுச் சத்தம். தாய்மாமன் சீர் வருது. என் சீர்! முன்னால தேங்காப்பழத் தட்டோட என் பொண்டாட்டி, பின்னால வெள்ளை வேட்டியில என் பங்காளிக.

தங்கச்சி வாசல்ல நின்னு கத்துனா. "சீர அப்பறம் எறக்கலாம்! எல்லாரும் கொல்லைக்கு வந்து குழாயத் தூக்குங்க!"

கொட்டுக்காரரும் கூடவே வந்துட்டாரு. குழாய் ஏற ஏற கொட்டுச் சத்தமும் ஏறுது. வேட்டியெல்லாம் சேறு. நானும் ஒரு கை புடிச்சேன். இடுப்புல 'டக்'குனு ஒரு சத்தம். நீளாத ரகம்.

என் பொண்டாட்டி தட்ட எறக்கவே இல்ல. "டேப்புத்தானே சுத்தச் சொன்னாக?"ன்னு மட்டும் கேட்டா.

ஒருவழியா முனை கெடச்சு, மாப்பிள்ளை முறுக்கி, டேப்பும் சுத்தி, குழாயப் பழையபடி எறக்கி, சுவிட்சப் போட்டாரு.

மோட்டார் ஓடல.

"போச்சு! கேபிளே போச்சு!"ன்னு பங்காளி ஒருத்தரு தலையில கை வச்சுட்டாரு. சமையல்காரரு கரண்டியோட என்னையவே பாக்குறாரு. வேர்வையத் தொடைக்க சட்டைப்பையில கைக்குட்டையத் தேடுனேன்.

ஃபியூஸ் கட்டை தட்டுப்பட்டுச்சு.

தண்ணி வந்துச்சு. சோறும் வெந்துச்சு, லேட்டா. மடியில மருமக காதப் புடிச்சுக்கிட்டு அழுகுறா. மாப்பிள்ளை குனிஞ்சு எல்லாருக்கும் கேக்குற மாதிரி கேட்டாரு. "மச்சான், இப்பச் சொல்லுங்க, கேபிள் எத்தனை வருசம் தாங்கும்?"

"நான் இந்தப் பக்கம் வராத வரைக்கும் தாங்கும், மாப்பிள்ளை."