சங்கு ஊதினதும் ஒரு மாத்திரை

“எட்டு மணித்தியாலத்துக்கு ஒண்ணு. விளங்குதுங்களா ஐயா?”

“சரிங்க.”

“எங்க, நீங்களே ஒருக்கா சொல்லுங்க பாப்போம்.”

“நீங்க சொன்னா சரிதாங்க, டொக்டரம்மா.”

வினோதாவுக்கு வியர்த்தது. வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு மருந்தைப் புரியவைக்கும் பயிற்சியில் இன்று அவளுக்குக் கடைசிப் பரீட்சை. நோயாளி தன் வாயால் நேரத்தைச் சொன்னால்தான் பெரிய டொக்டர் கையெழுத்து வைப்பார். இல்லாவிட்டால் பயிற்சி முழுவதும் மறுபடி முதலிலிருந்து. அவர் பேனாவை மூடியபடி கட்டிலோரம் நின்றிருந்தார். கட்டிலில் இருந்த இராமையாவோ, தோட்டத் துரைக்கு முன்னால் நிற்கும் தொழிலாளி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கட்டிலில் தொங்கிய நோயாளி டிக்கட்டில் விலாசத்தைப் பார்த்தாள். டயகமப் பக்கம், அவள் பிறந்த அதே தோட்டம்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போலிருந்தது.

“ஐயா, நானும் அந்தத் தோட்டந்தான். மேல் லயத்து வீடு. படிக்க வெளிய வந்து பத்து வருசத்துக்கு மேலாச்சு. ஃபெக்டரிச் சங்கு ஊதுறப்ப எல்லாம் ஒண்ணு போடுங்க.”

இராமையாவின் முகம் வாடியது. “சங்கு நின்னு ஒம்பது வருசமாச்சுங்களே.”

அந்தச் சத்தத்தில்தான் சின்ன வயதில் வினோதா தினமும் கண் விழித்தாள். அம்மா பாதி ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஓடுவாள். இவள் காலில் ஒற்றைப் பள்ளிக்கூடச் சப்பாத்துடன் மற்றதைத் தேடி லயமெல்லாம் அலைவாள். அந்தக் காலைகளை இனி யார் கொடுப்பார்? ஆனால் பெரிய டொக்டர் மணி பார்த்தார்.

“வருத்தப்படாதீங்க ஐயா” என்று அவசரமாகச் சமாதானம் சொன்னாள். “அது என்னைக்கு நேரத்துக்கு ஊதுச்சு? தூங்கி வழிஞ்சுக்கிட்டே ஊதுறான்னு எங்கம்மா தெனம் திட்டும்.”

அவ்வளவுதான். தலையாட்டிக்கொண்டிருந்தவர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார்.

“யாரு சொன்னா? காலையில ஆறு, பகல் ரெண்டு, ராத்திரி பத்து! மழையோ பனியோ, ஒரு நிமிசம் பெசகுனதில்ல!”

வார்டே திரும்பிப் பார்த்தது. பரீட்சை போயிற்று என்று வினோதா கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய டொக்டர் பேனாவைத் திறந்தார்.

“ஆறு, ரெண்டு, பத்து. எட்டு மணித்தியாலத்துக்கு ஒண்ணு சரியா வருதே!” கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இராமையா மாத்திரைப் பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, அவளைத் திரும்பியும் பாராமல் போனார்.

“இந்த மனுசனுக்கு ஏன் இவ்வளவு கோவம்?” என்று வினோதா விழித்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த ராக்காயியும் அதே தோட்டம்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இருவத்தெட்டு வருசம் அந்தச் சங்க ஊதினதே அவருதான், டொக்டரம்மா. உங்கம்மா திட்டினதும் அவரத்தான்.”