மந்திரித்த செயின்சாவும் மாப்பிள்ளை வீட்டாரும்

போபோடி, புனே
ஜூன், மழை சற்றே ஓய்ந்த புதன்கிழமை

அன்பும் அறிவும் (அறிவு கொஞ்சம் கூடுதலாகவே) வாய்க்கப்பெற்ற மைத்துனர் திரு. அமல்ராஜ் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவர் இருதயராஜ் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் என் வலது தோள்பட்டை நீங்கலாக இங்கே எல்லாரும் சுகம். தாங்களும், தாண்டிக்குடியில் தாங்கள் மேற்பார்வை பார்க்கும் காப்பித் தோட்டமும், அதில் தாங்கள் இன்னும் மொட்டையடிக்காமல் விட்டுவைத்திருக்கும் மரங்களும் சுகமென நம்புகிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் சந்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களில் ஒன்று மழைக்கு மழை சாய்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். வருடம் முழுக்க வேலை கிடையாது, வந்தால் முதுகை ஒடிக்கிற வேலை. அதற்குத் தோதாக, நீடித்து உழைக்கிற செயின்சா ஒன்று வாங்கலாம் என்று நான் நினைத்தது ஒரு குற்றமா? தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து தலை நரைத்தவன் நான், ஒரு திருகாணியைக்கூடச் சும்மா பாஸ் பண்ணியவன் இல்லை. இருந்தாலும் சொந்தக்காரர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிற மரியாதைக்காகத் தங்களைக் கேட்டேன். கேட்ட வாயை எதைப் போட்டுக் கழுவுவது? "மச்சான், வாங்கினா எழுபது சி.சி.க்குக் கொறஞ்சு வாங்காதீங்க, எங்க எஸ்டேட்ல அதான் ஓடுது" என்றீர்கள். அதை நான் தூக்கினால் மரத்துக்கு முன்னால் நான் சாய்வேன் என்பது தங்கள் மூளைக்கு எட்டவில்லை. ஔந்தில் இருக்கும் ராமநாதன் இன்னொரு மேதை. எங்கள் பெண் ஜெனிபரின் ஆபீஸில் ஏதோ பெரிய பதவியாம். எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று ராப்பகலாகப் படித்துவிட்டு, "வயர் போட்டு ஓடுற எலக்ட்ரிக்தான் சார் பெஸ்ட்" என்றார். மரம் விழுந்தால் முதலில் போவது கரண்ட் ஐயா என்றேன். "அப்ப பேட்டரி வாங்குங்க" என்றார். வருஷம் பூராவும் பரணில் தூங்குகிற பேட்டரி அவசரத்துக்கு எழுந்திருக்குமா? ராமநாதனே காலையில் எழுந்திருக்க மாட்டார்.

ஆக, ஒருத்தர் பேச்சையும் கேட்காமல் பவானி பேட்டைக் கடைக்குப் போனேன். பெரிசும் இல்லாமல் சிறிசும் இல்லாமல் ஐம்பது சி.சி., பதினெட்டு அங்குலப் பட்டை, பிளாஸ்டிக் இல்லாத உலோக உடம்பு, வீட்டிலேயே அரம் போட்டுத் தீட்டிக்கொள்ளக்கூடிய செயின், தேய்ந்தால் இங்கேயே கிடைக்கிற உதிரிப் பாகங்கள். தூக்கிப் பார்த்தேன், குலுக்கிப் பார்த்தேன், கயிற்றை இழுத்து அழுத்தம் பார்த்தேன். கடைக்காரன் பொறுமையிழந்து, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறீரா அங்கிள் என்று ஹிந்தியில் கேட்டான். கேட்டுவிட்டுப் போகட்டும். மிஷினைக் கொண்டுவந்து தங்களுக்குப் படம் அனுப்பினேன். உடனே ஃபோன்: "சரி மச்சான், சின்னதா வாங்கிட்டீங்க, டேங்க்கையாச்சும் ரொப்பி வைங்க. அவசரத்துக்கு இழுத்தா கெளம்பணும்ல?" ரொப்பினேன். அது பிப்ரவரி மாதம். அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஏழரை.

கிளப்பிப் பார்க்கலாம் என்று கயிற்றில் கை வைத்தால், தங்கள் அக்காள் சாந்தகுமாரி குறுக்கே வந்து நிற்கிறாள். "ஏங்க, மந்திரிக்காத மிஷின்ல கைய வச்சா கை போயிரும். ஃபாதர் வரட்டும்." இந்த வீட்டில் ஸ்கூட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் எதுவும் ஃபாதர் தீர்த்தம் தெளிக்காமல் ஓடியதில்லை, தங்களுக்கே தெரியும். ஃபாதருக்கோ தவக்காலம், மூச்சுவிட நேரமில்லை. தவக்காலம் முடிந்ததும் தியானத்துக்காக கோவா போனார். கோவாவில் தியானம் என்றால் எனக்கும்தான் போக ஆசை. திரும்பி வந்தவருக்கு மாற்றல் உத்தரவு. புது ஃபாதர் வந்து பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் மே முடிந்துவிட்டது. அதுவரை மிஷின் ரொப்பிய வயிற்றோடு கட்டிலுக்கடியில் படுத்திருந்தது. போன வெள்ளிக்கிழமை ஒருவழியாக ஃபாதர் வந்து வஞ்சனையில்லாமல் தீர்த்தம் தெளித்தார். பாதியில், "இது எதுக்குங்க?" என்று கேட்டார். சொன்னேன். மிச்ச ஜெபத்தை ஓரடி தள்ளி நின்று முடித்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிபரைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை தினேஷ், ஹடப்சரில் அவளோடு வேலை பார்க்கிற பையன்தான். இரண்டு பேரும் மனசுக்குள் முடிவு பண்ணியாயிற்று, அவனுடைய அம்மா ஷீலா அம்மாள் ஒருத்தர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த அம்மாள் ஏற்கெனவே நாலு இடம் பார்த்துவிட்டுக் கேசரியில் நெய் போதாது என்பது வரை குறை சொல்லிவிட்டு வந்தவர் என்று கேள்வி. முந்தின நாள் ஜெனிபர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாடி, ப்ளீஸ், நாளைக்கு எந்த கட்பட்டும் குளறுபடியும் பண்ணிடாதீங்க" என்றாள். நான் கட்பட் பண்ணுகிறவனா? விடியற்காலை அடித்த மழையில் மரம் பண்ணியது. சரியாக எங்கள் சந்து முனையில், குறுக்கே, ஒரு ஆள் நுழைய இடமில்லாமல் விழுந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் போட்டால் ஊர் பூராவும் மரம் விழுந்திருக்கிறது, வரிசைப்படிதான் வருவோம் என்கிறார்கள். கவலையே இல்லை என்றேன் சந்துக்காரர்களிடம். நம்மிடம் மிஷின் இருக்கிறது என்றேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நான் பட்டது கொஞ்சமா?

இழுத்தேன். உர்ர் என்றது, அடங்கிவிட்டது. இழுத்தேன். உர்ர்கூட இல்லை. எதிர்வீட்டு ராஜஸ்ரீ, "அண்ணா, ராஹூ த்யா, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கொய்தா அரிவாளைக் கொண்டுவந்து சின்னக் கிளைகளை வெட்ட ஆரம்பித்தாள். சாந்தகுமாரி பாட்டிலில் மிச்சமிருந்த தீர்த்தத்தை மிஷின் மேல் தெளித்துவிட்டு, "ஃபாதர் மந்திரிக்கறப்ப நீங்க தொப்பியக் கழட்டல, அதான்" என்றாள். அந்த நேரம் பார்த்து மரத்துக்கு அந்தப் பக்கம் கார் வந்து நின்றது. பட்டுச்சேலையும் குடையுமாக ஷீலா அம்மாள் இறங்கினார். "அஞ்சே நிமிஷம் சம்பந்தி!" என்று நான் கத்தினேன். இன்னும் பேசி முடிக்காத இடத்தில் சம்பந்தி என்று கூப்பிட்டவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். அப்புறம் இழுத்த இழுப்பில் தோள்பட்டையில் ஒரு சத்தம் கேட்டது பார், அமல்ராஜ், இனிமேல் உனக்கு என்னடா தாங்கள், நீங்கள்?

உள்ளேயிருந்து ஜெனிபர் வந்தாள். தலை நிறையப் பூ, காஞ்சிபுரம் சேலை. டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "டாடி, பெட்ரோல் புராணா ஆயிடுச்சு. பெயின்ட் மாதிரி ஸ்மெல் வருது. யார் ரொப்பி வைக்கச் சொன்னது?" யார் சொன்னது? தாண்டிக்குடி மேதை சொன்னது! தினமும் ஓடுகிற மிஷினில் பெட்ரோல் பழசாகிறதே இல்லை, அதனால் உனக்குத் தெரியவும் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு நாள் ஓடுகிறதைக் காலி வயிற்றோடுதான் படுக்கப்போட வேண்டுமாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். "மேனுவல்ல மொதல் பேஜ்லயே போட்டிருக்கு டாடி." மேனுவலை நான் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அதைப் போய்க் கிழித்திருக்கிறாள், பார்த்துக்கொள்.

பழையதைக் கொட்டினாள், பிளக்கைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள் (பிரஷ் என்னுடையது), ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோல் பிடித்து ஆயில் கலந்து ஊற்றினாள். சேலையை இழுத்துச் செருகினாள், என் தொழிற்சாலை பூட்ஸை மாட்டினாள், பூவுக்கு மேலேயே ஹெல்மெட்டைக் கவிழ்த்தாள். நாலு இழுப்பில் கிளம்பியது. பெண் பார்க்க வந்தவர்கள் கண் முன்னால் பெண் மரம் அறுக்கிறது. "வேண்டாம்மா, நம்ம மானம் போயிடும்" என்று கத்தினேன், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கிறது? என் மிஷின் வெண்ணெய் மாதிரி இறங்கியது, அதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. கார் நுழைகிற அளவுக்கு அறுத்துத் தள்ளினாள். தினேஷ் துண்டுகளை உருட்டி ஓரம் கட்டினான், அதில் ஒன்றைத் தன் கால் மேலேயே போட்டுக்கொண்டான். ஷீலா அம்மாள் குடையை மடக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் கேசரி சாப்பிட்டார். நெய்யைப் பற்றிப் பேச்சில்லை. சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா, ஒரு கேள்வி இல்லை. மூலையில் வைத்திருந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்துவிட்டார். அதோடு சரி. தினேஷைக் கேட்டாலும், "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்பதைத் தவிர அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஜெனிபர் ஆபீஸ் போகிறாள், வருகிறாள், தட்டில் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துபோகிறாள். "நான் என்ன தப்பு பண்ணேன் டாடி?" என்று நேற்று கேட்டாள். நீ பண்ணவில்லை, உன் மாமன் பண்ணினான் என்றேன்.

ஆகவே அமல்ராஜ், தாய்மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்கு இங்கே வந்து இறங்கிவிடாதே. நிச்சயமே இல்லாதபோது என்ன தார்த்தம்? அவசரப்பட்டு முன்கூட்டியே போட்ட டிக்கெட்டை ரத்து செய்துவிடு. மிஷினைச் சனிக்கிழமை பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவிடம் எடைக்குப் போடப் போகிறேன். இனி என் வீட்டில் டேங்க் என்ற சொல்லையோ உன் எஸ்டேட் பெருமையையோ நீ எடுத்தால், மைத்துனன் என்றுகூடப் பார்க்காமல் நான் ஃபோனை வைத்துவிடுவேன்.

மற்றபடி தங்கள் துணைவியாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், தங்களுக்கு நல்ல புத்தி, எல்லாவற்றையும் மாதா தாராளமாக அருள்வாராக.

இப்படிக்கு,
வலது கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டு இடது கையால் எழுதிய
இருதயராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன நேரத்தில் ஷீலா அம்மாளிடமிருந்து ஃபோன். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே, காலனி கமிட்டியில மரம் அறுக்க ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லலாம்னுதான் லேட்டு. போன மழைக்கு விழுந்த மரம் இன்னும் எங்க கேட்லதான் கெடக்கு. என் பையன் பல்பு மாத்தவே ஆள் தேடுவான். நகை நட்டெல்லாம் ஒண்ணும் பேச வேணாம், ஜெனிபர் வரும்போது கூட அந்த மிஷினும் வரட்டும்" என்கிறார். ஜெனிபர் ஒரு தட்டு சோறு சாப்பிட்டுவிட்டு இரண்டாவது தட்டில் இருக்கிறாள். ஆகவே டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், செய்திருந்தால் தட்கலில் போடு. என் மிஷினைக் கொடுக்க எனக்கு மனசில்லை. தாய்மாமன் சீராக நீயே ஒன்று வாங்கி வா. இதே ஐம்பது சி.சி., இதே மாடல். எழுபது வாங்கிவந்து சம்பந்தி வீட்டில் என் மானத்தை வாங்காதே. உன் ஊர் ஃபாதரிடமே மந்திரித்து எடுத்துவரச் சொல்கிறாள் அக்காள், டேங்க் மட்டும் காலியாக இருக்கட்டும். மேனுவலின் பிளாஸ்டிக் உறையையும் அங்கேயே பிரித்துவிடு, எனக்குக் கை வராது.