கரண்ட் வந்தப்போ கேரம் போர்டுல விழுந்த ரோடு

புது கேரம் போர்டுக்கு நாலு மூலையிலயும் குழி வெட்டணும். போன பௌர்ணமிப் போயா லீவுக்கு முதல் நாள் எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

எங்க தேயிலைத் தோட்ட டிவிஷன் மன்றத்துப் பழைய போர்டு பனியில ஊறி வயிறு வீங்கிக் கெடந்துச்சு. போயா அன்னைக்கு மேல் டிவிஷன்காரங்களோட ஆட்டம். நம்ம போர்டு இல்லைன்னா அவங்க போர்டுல ஆடணும். அவங்க போர்டுல நாங்க ஜெயிச்சதா யாருக்கும் ஞாபகம் இல்ல.

இதுல எங்க கேப்டன் செல்வம் அண்ணா, டயகம பஸ்ல வச்சு அவங்க கேப்டன் தியாகுகிட்ட, "இந்தத் தடவையும் தோத்தா மீசைய எடுத்திர்றேன்டா"ன்னு சொல்லிட்டாரு. மீசை இல்லாத செல்வம் அண்ணாவ அவரு சம்சாரமே பார்த்ததில்ல.

"குழிதானே அண்ணா, நான் வெட்டித் தாறேன்"னு சொன்னேன். நான் எதையும் மெதுவாத்தான் சொல்வேன். பக்கத்துல நிக்கிறவங்களே "என்னது?"ன்னு கேப்பாங்க. அன்னைக்குன்னு பார்த்து எல்லாருக்கும் கேட்டுருச்சு.

என் தைரியத்துக்குக் காரணம் மச்சான் வீட்டுல வச்சிட்டுப் போன ரவுட்டர். மச்சான்னா அக்கா வீட்டுக்காரரு, நுவரெலியாவுல அலுமாரி, கபட் எல்லாம் செய்றவரு. ரவுட்டர் ஒரு சின்ன மோட்டார், அடியில பிட்டுன்னு ஒரு வெட்டுக்கத்தி சுத்தும். கையில பிடிச்சு ஓட்டினா பலகையில குழியும் நீளமான காடியும் வெண்ணெய வெட்டுற மாதிரி வெட்டும். அவரு ஓட்டினா.

மச்சான் போன்ல பாடம் எடுத்தாரு.

"பலகைய மேசையோட கிளாம்ப் போட்டு இறுக்கு. பிட்டு மாத்துறப்போ பிளக்கக் கழட்டு. கண்ணாடி போடு. ஒரேயடியா ஆழமா இறக்காத, கொஞ்சம் கொஞ்சமா இறக்கு. முதல்ல துண்டுப் பலகையில ஓட்டிப் பாரு."

"சரி மச்சான்."

"என்னது?"

"சரின்னேன்."

லயத்து வீட்டு முன் திண்ணையில, இஸ்தோப்புல, மேசையப் போட்டேன். துண்டுப் பலகையில ஓட்டினேன். மிஷின் என்னை இழுத்துட்டுப் போச்சு. அக்கா வாசல்ல சாஞ்சு நின்னு, "நீ மிஷின ஓட்டுறியா, மிஷின் உன்ன ஓட்டுதா?"ன்னு கேட்டுச்சு.

மறுபடி போன்.

"எந்தப் பக்கமா ஓட்டுன?"

"இடது பக்கமா சுத்தி வந்தேன் மச்சான்."

"குழிக்குள்ள கடிகார முள்ளு போற பக்கமா ஓட்டணும். மாத்தி ஓட்டினா அது உன்ன இழுத்துட்டுத்தான் போகும்."

மாத்தினேன். மிஷின் பசு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் போர்டு மேல வட்டம் வெட்டுன அச்சுப் பலகைய வச்சு, ஒரு குழி, ரெண்டு குழி, மூணு குழி. கடையில வாங்கின மாதிரி உருண்டையா இருந்துச்சு. போட்டோ எடுத்து செல்வம் அண்ணாவுக்கு அனுப்பினேன். "மீசை சார்பா நன்றி"ன்னு பதில் வந்துச்சு.

நாலாவது குழி பாதியில மழை கொட்டுச்சு. கரண்ட் போயிருச்சு. மிஷின் அப்படியே நின்னுருச்சு. அச்சுப் பலகைய மட்டும் உருவிட்டு, மிஷின பாதிக் குழியிலேயே நிக்க வச்சிட்டு டீ குடிக்க உள்ள போனேன்.

அக்கா டீயக் குடுத்துக்கிட்டே, "சுவிட்ச ஆஃப் பண்ணியா?"ன்னு கேட்டுச்சு.

"கரண்டே இல்லையே அக்கா. எதை ஆஃப் பண்றது?"

இப்படி ஒரு பதில யோசிச்சுச் சொன்னதுல எனக்கே ஒரு பெருமை.

ரெண்டாவது மடக்கு குடிக்கிறப்போ பல்ப் எரிஞ்சுச்சு. டிவி கத்துச்சு. இஸ்தோப்புல இருந்து "ங்ஙொய்ய்ய்"னு ஒரு சத்தம்.

ஓடிப் போய் பார்த்தா, மிஷின் குழியில இருந்து ஏறி, போர்டு மேல தனியா நடந்து போகுது. கைல பிடிச்சிருந்தப்போ கூட அவ்வளவு நேர்த்தியா போகல. தொடப் பயமா இருந்துச்சு. "நில்லுங்க"ன்னு சொன்னேன். ஏன் மரியாதை குடுத்தேன்னு எனக்கே தெரியல. அக்காதான் ஓடிப் போய் பிளக்கப் பிடுங்குச்சு. பிடுங்கின கையோட, "மிஷின நில்லுங்கன்னு சொல்றான்டி"ன்னு லயம் பூரா சொல்லிட்டு வந்துச்சு.

செல்வம் அண்ணா வந்து பார்த்தாரு. மூலைக் குழியில இருந்து நடு வட்டம் வரைக்கும் வளைஞ்சு வளைஞ்சு ஒரு காடி.

"என்னடா இது?"

"ரோடு மாதிரி விழுந்துருச்சு அண்ணா."

அவரு போர்டப் பார்க்கல, மீசையத் தடவிப் பார்த்தாரு.

பாதிக் குழிய வெட்டி முடிச்சு, ரோட்ட மரத்தூளும் பசையும் கலந்து அடைச்சோம். தேய்ச்சோம். காலையில பார்த்தா, பசை சுருங்கி லேசா ஒரு பள்ளம். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். அண்ணா ஒரு காய மெதுவாத் தட்டினாரு. அது ரோட்டப் பிடிச்சு, வளைவுல திரும்பி, குழிக்குள்ள போய் விழுந்துச்சு.

அண்ணா என்னைப் பார்த்தாரு. "இதை யார்கிட்டயும் சொல்லாத."

"நான் சொன்னா யாருக்கு அண்ணா கேக்கப் போகுது?"

சாயங்காலம் மன்றத்துல ஆட்டம். அந்தக் குழி அண்ணாவுக்கு எதிர்ல விழற மாதிரி போர்டத் திருப்பி வச்சது நான்தான். முதல் ஆட்டம் எங்களுக்கு. காயெல்லாம் வீட்டுக்குப் போற மாதிரி போச்சு. தியாகு பவுடர் போடுற சாக்குல போர்ட ஒரு தடவு தடவினான்.

"அடுத்த ஆட்டம் பக்கம் மாறுவோம் செல்வம். அதுதானே வழக்கம்?"

வழக்கம்தான். ரெண்டாவது ஆட்டம் அவங்களுக்கு.

மூணாவது ஆட்டத்துல ஆளுக்கு ஒரு காய் மிச்சம். தியாகு ஸ்ட்ரைக்கர வச்சுக் குறி பார்க்கிறான். செல்வம் அண்ணா மீசைய ரெண்டு விரலால மூடியிருக்காரு. வெளிய மழை.

கரண்ட் போயிருச்சு.

மன்றம் பூரா இருட்டு. தியாகு குரல் மட்டும் கேட்டுச்சு. "தம்பி, அந்த மிஷின் சுவிட்ச் ஆஃப்லதானே இருக்கு?"

சிரிப்பு அடங்கி ஒருத்தன் போன் லைட்ட அடிச்சுப் பார்த்தப்போ, யாரு கையோ பட்டுக் காயெல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு. யாரு கைன்னு இதுவரைக்கும் தெரியாது. ஆட்டம் சமம்னு முடிவாச்சு.

"அப்ப பாதி மீசைய எடுத்திரு"ன்னான் தியாகு.

"அண்ணா, மச்சான்கிட்ட டிரிம்மர் இருக்கு. நான் வேணும்னா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"நீ மிஷின் பக்கமே வராத"ன்னாரு செல்வம் அண்ணா. ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் மெதுவா. இருட்டுல அவருக்குத் தெளிவாக் கேட்டுருக்கு.

மீசை முழுசா இருக்கு. இப்பல்லாம் கரண்ட் போனா வீட்டுல உள்ள எல்லா சுவிட்சையும் ஓடி ஓடி ஆஃப் பண்ணிடுறேன். கரண்ட் வந்தது தெரியாம நாங்க மட்டும் இருட்டுல உக்காந்திருக்கோம்.