பாகாயத்தில் கேட்ட தறிச் சத்தம்

பாகாயம்,
வெள்ளிக்கிழமை காலை

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் நாகேந்திரனுக்கு,

உன் அக்கா புருஷன் வேதாசலம் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் ரத்தக் கொதிப்பும் நலம். அங்கு ஒடுகத்தூரில் நீயும், மனைவி மக்களும், கறவை மாடும், பத்து நாளாக உன் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி சாவித்திரியும் நலமாயிருக்க குடியாத்தம் கெங்கையம்மனை வேண்டுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நியாயம்தான், அதனால்தான் கடிதம். வயதில் சின்னவன் என்றாலும் இன்றைய தேதிக்கு நீதான் எனக்குக் கலெக்டர். மனுவைக் கடைசி வரை படித்துவிட்டு உத்தரவு போடு.

முப்பத்தாறு வருஷம் குடியாத்தத்தில் எட்டுப் பவர்லூம் தறி ஓடிய வீட்டில் குடித்தனம் செய்தோம். முன்கட்டில் லுங்கி ஓடும், பின்கட்டில் குழம்பு கொதிக்கும். உப்பு கம்மி என்றால் நான் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஏதோ முணுமுணுப்பாள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, இருவருக்கும் மனசு லேசாகிவிடும், தெருவே எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. போன ஆனியில் முழங்கால் வலி தாங்காமல் தறிகளை விற்றுவிட்டு, மகன் பிரேம்குமார் பிடித்துக் கொடுத்த இந்த ஃப்ளாட்டுக்கு வந்தோம். அவன் காலையிலேயே ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவான். அப்புறம் ஃபிரிட்ஜ் மூச்சு விடுவதுகூடக் கேட்கும் அளவுக்கு அமைதி. முதல் நாள் சாப்பாட்டில் வழக்கம்போல, "உப்பு கம்மி" என்றேன். அவளும் வழக்கம்போல அடுப்பைப் பார்த்து, "ஆமா, இவங்கம்மா நாக்க உப்புலயே ஊற வெச்சி வளத்தாங்க" என்றாள். எனக்குக் கேட்டுவிட்டது மச்சான். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பதில் சொன்னேன். அதற்கு அவள் ஒன்று சொன்னாள். அன்று பிடித்த சனி.

பிறகுதான் நீ கடலைக்காய் மூட்டையோடு வருவதாகப் போன் செய்தாய். அவள் சந்தோஷமாக வந்து சொன்னாள். நானும் பழக்க தோஷத்தில், "வந்தான்னா பத்து நாளைக்கு எழுந்திரிக்க மாட்டான், மூட்டையில பாதிய அவனே தின்னுட்டுத்தான் போவான்" என்று முணுமுணுத்துவிட்டேன். "இன்னா சொன்னீங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். நான் விளக்கம் யோசிப்பதற்குள் பையோடு ஒடுகத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாள் எனக்கு மதியத் தூக்கம் இல்லை. நாலாம் நாள் மாடியிலிருந்து தடதடவென்று ஒரு சத்தம் வந்தது. கேட்ட மாத்திரத்தில் கண் சொருகிவிட்டது. நின்றதும் விழிப்பு வந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். அங்கே ஹுமேரா என்று பிசியோதெரபி படிக்கிற மேல்விஷாரத்துப் பெண் குடியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "ஸாரி அங்கிள், சத்தத்த கம்மி பண்ணிடறேன்" என்றாள். "கம்மியெல்லாம் பண்ணாதம்மா. எத்தினி தறி வெச்சிருக்க?" என்றேன். "தறியா? இது பங்க் ராக் மியூசிக் அங்கிள். இந்தப் பசங்களுக்குக் கம்பெனி கிம்பெனி எதுவும் இல்ல. அவங்களே பாடி, அவங்களே நெட்ல போட்டுடறாங்க. ஃப்ரீயா டவுன்லோட் பண்ணிக்கலாம்."

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஆள் நம் மாமா என்று நீ சிரிப்பாய். நானும் இதில் ஏதாவது திருட்டு இருக்குமோ என்று இரண்டு தரம் விசாரித்துவிட்டுத்தான் போனை நீட்டினேன். இப்போது அதில் நூற்று நாற்பத்திரண்டு பாட்டுகள் இருக்கின்றன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதுதான், ஆனால் தறிக்காரன் காது சும்மா இருக்குமா? ஒரு குழுவின் டிரம்மில் நம் மூன்றாம் நம்பர் தறி மாதிரியே இடது பக்கம் ஒரு தட்டல் பிசகியது. ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, முடுக்கவும் என்று ஹுமேராவை விட்டு அவர்களுக்கு எழுதச் சொன்னேன். மறுநாள் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "நெஜமாவே லூஸா இருந்துச்சாம் அங்கிள், தேங்க்ஸ் சொல்றாங்க" என்றாள். இன்னொரு குழுவில் பாடுகிறவன் முதலிலிருந்து கடைசி வரை கத்துகிறான். பாவு நூல் அறுந்தால் எங்கப்பா இப்படித்தான் கத்துவார். கேட்டு அழுதுவிட்டேன்.

ஆகவே மச்சான், அக்காவை அனுப்பி வை. பெரிய ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஆபீஸ் போனதும் பாட்டைப் போட்டுவிடுவேன். அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நானும் சொல்கிறேன், பழையபடி இருவருக்கும் ஒன்றும் கேட்காது. உன்னைப் பற்றிச் சொன்னது அந்த ஒரே ஒரு தடவைதான், அதுவும் வாய் தவறி வந்தது. மன்னித்துவிடு. இங்கே நானேதான் சமைக்கிறேன். உப்பு சரியாகத்தான் இருக்கிறது, சோறுதான் இறங்கவில்லை. அவள் இல்லாமல் முடியவில்லை மச்சான்.

காட்டுப் பன்றி உன் கடலைக் கொல்லைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமலிருக்க அம்மன் துணையிருப்பாள். பெரியவர்களுக்கு வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் மாமா
வேதாசலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்து நிற்கிறாள். தன் பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டாளாம், எடுத்துப்போக வந்தாளாம். பாட்டு உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காது என்ற தைரியத்தில், "வந்துட்டியா, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா செத்தே போயிருப்பேன்" என்று வாய்க்குள் சொன்னேன். வாசலில் நின்றபடியே, "சாவறதுக்கு முன்னாடி அடுப்ப அணைங்க, சோறு தீயுது" என்று கத்தினாள்.

பாட்டை நிறுத்திவிட்டு, எப்படிக் கேட்டது என்றேன். "தறி வீட்டுக்கு வாக்கப்பட்ட மூணாம் மாசமே உதட்டப் பாத்துப் படிக்கக் கத்துக்கிட்டேன். நீங்களும் படிச்சிடுவீங்களேன்னுதான் நான் அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டேன். படிச்சதயெல்லாம் பொறுத்துக்கிட்டேன், காதாலயே கேட்டதத்தான் பொறுக்க முடியல. இப்ப பாட்டப் போடுங்க, நான் பேசறது உங்களுக்குக் கேக்காம இருந்தா போதும்" என்றாள். உன்னைப் பற்றி நான் முணுமுணுத்ததையெல்லாம் அந்தந்த வருஷமே உன்னிடம் சொல்லிவிட்டாளாமே. தெரிந்துமா வருஷா வருஷம் மூட்டையோடு வந்தாய்? மேலே 'ஒரே ஒரு தடவை' என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படிக்கவும். இந்த வருஷமும் மூட்டையோடு வா. பத்து நாள் இரு. இதை முணுமுணுக்கவில்லை மச்சான், பாட்டை நிறுத்திவிட்டு உரக்கச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறேன்.