கொசுவலை யாருக்கு?

காஜா பெராங், மலாக்கா
ஆடி மாதம், ஜப்பான் கணக்கில் 2603 (பழைய கணக்கில் 1943)

ஜாசின் தோட்டத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி சுப்பையன் அவர்களுக்கு மருதமுத்து கைகூப்பி எழுதுவது. தாங்களும் சம்பந்தியம்மாளும் முருகன் அருளால் நலமாக இருக்க வேண்டும். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நலமாக இருப்பது கோழி ஒன்றுதான்.

என் மகள் கோகிலாவும் தங்கள் மகன் தியாகுவும் தீர்த்துக்கொண்டு பிரிந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. கலியாணப் பட்டுப்புடவையை அவளைக் கேட்காமல் கொண்டுபோய் அரை மூட்டை அரிசிக்கு மாற்றிக்கொண்டு வந்தாரே மாப்பிள்ளை, அதில் ஆரம்பித்தது. அரிசியில் பாதி சுண்ணாம்பு. "வயித்துக்குத்தானே மாத்துனேன்?" என்கிறார் அவர். "கேட்டிருந்தா நானே மடிச்சுக் குடுத்திருப்பேன்ல?" என்கிறாள் இவள். இரண்டும் நியாயம். அதனால்தான் சண்டை ஓயவில்லை.

பிரிவினைக்கு மத்தியஸ்தராக பெண்டஹாரா ரோட்டு மளிகைக்கடை நாகூர் மீரானை அழைத்தேன். இருவருமே அவருக்குக் கடன்காரர்கள். பாரபட்சம் பார்க்க மாட்டார். முதலிலேயே நான் ஒரு சட்டம் போட்டேன். ஒருவருக்கொருவர் ஒரு பொருள்கூடப் பாக்கி இல்லை என்று ஆன பிறகே தாலியைக் கழற்றலாம். ரப்பர் கிடங்கில் கணக்குப் பார்த்தவன் நான். பாக்கி வைத்துக் கணக்கு முடித்தால் தூக்கம் வராது.

கொல்லையில் மரவள்ளிக்கு மண் கொத்தியவர் அவர், தண்ணீர் ஊற்றியவள் அவள் என்று நடுவே கயிறு கட்டிப் பிரித்தால், அவளுடைய கோழி அவருடைய பாதியில் போய் முட்டையிட, முட்டை கோழிக்காரிக்கா நிலக்காரருக்கா என்று ஒரு பொழுது வீணாகி, கடைசியில் மீரானே அதை எடுத்துக்கொண்டு பழைய பாக்கியில் கழித்துவிட்டார். தையல் மெஷின் நான் கொடுத்த சீர், ஆகவே கோகிலாவுக்கு. ஆனால் அதிலுள்ள ஊசி இந்தக் காலத்தில் எங்கும் கிடைக்காத ஊசி, மாப்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்து வாங்கியது, ஆகவே அவருக்கு. மெஷின் வீட்டில், ஊசி அவர் சட்டைப்பையில். மீரானின் கடனையாவது ஆளுக்குப் பாதி போட்டுவிடலாம் என்று பார்த்தால், "அவ எங்க போயி கட்டுவா? எல்லாத்தையும் எம்பேர்லயே போடுங்க பாய்" என்று மாப்பிள்ளை சொல்ல, "எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்!" என்று அவள் கத்த, மீரான் என் பக்கம் திரும்பி, "கடன்னா ஓடுறவங்களத்தான் பாத்திருக்கேன். சண்டை போட்டு வாங்கிக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்ணே" என்றார்.

மிஞ்சியது கொசுவலை. ஒரே வலை. வெட்டினால் யாருக்கும் உதவாது. ஊரெல்லாம் குளிர்காய்ச்சல், அதற்கான கொய்னா மாத்திரையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. நெடுநேரம் வாதாடிய மாப்பிள்ளை, போன மழையில் அவள் காய்ச்சலில் கிடந்ததை நினைத்தாரோ என்னவோ, "அவளுக்கே இருக்கட்டும். எனக்குத் தோலு தடிப்பு" என்று எழுந்துபோய்விட்டார்.

ஆக, பாக்கி ஒன்றுமில்லை. வரும் வெள்ளிக்கிழமை தாங்கள் வந்து தாலியைப் பெற்றுக்கொள்ளவும். மாப்பிள்ளை ஒரு நாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் தாங்களே பிரித்துக் கொடுத்துவிடவும். அதிலாவது சண்டை வராது.

இப்படிக்கு,
மருதமுத்து

பி.கு.: உட்கார்ந்து படியுங்கள், சம்பந்தி. மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது. கடிதத்தை ஒட்டுவதற்குள் தெருவில் லாரி வந்து நின்றது. போனவர் யாரும் இதுவரை திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். மாப்பிள்ளையையும் பிடித்துவிட்டார்கள். துணிமணி எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். கோகிலா அழவில்லை. அவரிடம் ஊசியைக் கேட்டு வாங்கி, மெஷினில் மாட்டி, கொசுவலையின் கிழிசலைத் தைத்து, மடித்து அவர் கையில் வைத்தாள். "இது சும்மா குடுக்கல. கடன். நீங்களே கொண்டாந்து எங்கையில குடுக்கணும்" என்றாள். "அப்ப ஊசியும் கடன்தான். தொலைச்சிராத" என்றார் அவர். லாரி போய்விட்டது.

அதன் பிறகு என்னிடம் வந்து, "ஒங்க சட்டம் என்னப்பா சொல்லுது?" என்று கேட்டாள். இரண்டு பக்கமும் பாக்கி நிற்கிறது, தாலியைக் கழற்ற முடியாது என்றேன். அப்போதுதான் அழுதாள்.

இதைத் தபாலில் போடப் பயம். மீரான் கையில் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை தாலி வாங்க வர வேண்டாம். சம்பந்தியம்மாளையும் அழைத்துக்கொண்டு எங்களோடு இருக்க வாருங்கள். படுக்க வலை இல்லை. ஆனாலும் வாருங்கள்.